'லோட்னா' படத்தில் வருவதுபோல போலந்துக் குதிரைப்படை வாளோடு டாங்கிகள் மீது பாய்ந்தது உண்மையா? படம் பார்க்கலாமா?

அப்படிப் பாய்ந்ததாகச் சொல்வது பொய். படத்தை அவசியம் பாருங்கள்.

முதலில் படம். 1959-ல் போலந்து இயக்குநர் ஆந்த்ரே வாய்தா எடுத்தது, அவருடைய முதல் வண்ணப் படம். கதை நடப்பது 1939 செப்டம்பரில், ஜெர்மனி போலந்துக்குள் புகுந்த நாட்களில். ஒரு குதிரைப்படைப் பிரிவு ஜமீன் மாளிகை ஒன்றுக்கு வருகிறது. அங்கே சாகக் கிடக்கும் பெரியவர் தன் வெள்ளைப் பெண்குதிரையைப் படைத்தலைவரிடம் ஒப்படைக்கிறார். அதுதான் லோட்னா. பார்த்த மாத்திரத்தில் அத்தனை பேருக்கும் அதன்மேல் ஆசை வந்துவிடுகிறது. படைத்தலைவர் செத்ததும் குதிரை ஓர் இளம் பயிற்சி அதிகாரிக்குப் போகிறது. அந்தப் பையனுக்கு நடுவில் ஒரு கல்யாணமும் நடக்கிறது, பெண் ஊர்ப் பள்ளி ஆசிரியை. அவனும் சாகிறான், குதிரை அடுத்தவர் கைக்குப் போகிறது. கடைசியில் அதற்கும் கால் ஒடிந்து, சுட வேண்டியதாகிறது.

இதைப் பலர் ராசியில்லாத குதிரையின் கதையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழகு, வீரம், குலப்பெருமை என்று அந்த வீரர்கள் எதையெல்லாம் நம்பினார்களோ, அது முழுக்க அந்த வெள்ளைக் குதிரையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நாடு கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கும்போதும் அடுத்து லோட்னா யாருக்கு என்றுதான் அவர்கள் கண் அலைகிறது. அதைப் பார்க்கும்போது கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

சரி, டாங்கி விஷயத்துக்கு வருவோம். படத்தில் ஒரு வீரன் டாங்கியின் பீரங்கிக் குழாயை வாளால் வெட்டுவான். உலகம் முழுக்க நினைவில் வைத்திருப்பது அந்தக் காட்சியைத்தான். வரலாற்றில் நடந்தது வேறு. 1939 செப்டம்பர் 1 மாலை, கிரொயாண்டி என்ற கிராமத்துக்குப் பக்கத்தில், போலந்தின் 18-ஆவது உலான் (குதிரைப்படை) ரெஜிமென்ட் ஜெர்மன் படை ஒன்றின் மீது பாய்ந்தது. எதிரே இருந்தது காட்டோரத் திறந்தவெளியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த காலாட்படை. சிதறி ஓடினார்கள். அப்புறம்தான் காட்டுக்குள்ளிருந்து கவச வண்டிகள் வந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டன. ரெஜிமென்ட் தலைவர் கர்னல் மஸ்தலேர்ஷ் உட்பட சுமார் இருபது பேர் செத்தார்கள். ஆனாலும் ஜெர்மானியரின் முன்னேற்றம் தாமதப்பட்டது, போலந்துக் காலாட்படை பின்வாங்க அவகாசம் கிடைத்தது. பிறகு அந்த இடத்துக்குக் கூட்டிவரப்பட்ட இத்தாலியப் பத்திரிகையாளர்கள் செத்த குதிரைகளையும் பக்கத்தில் நின்ற டாங்கிகளையும் பார்த்துவிட்டு, ஈட்டியோடு டாங்கி மீது பாய்ந்தார்கள் என்று எழுதினார்கள். ஜெர்மன் பிரசாரத்துக்கு அது அல்வா மாதிரி ஆகிவிட்டது.

அதே நாளில் மொக்ராவில் நடந்த சண்டையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வொலின் குதிரைப்படை பிரிகேட் அங்கே ஜெர்மனியின் 4-ஆவது பான்சர் (டாங்கிப்படை) டிவிஷனை நாள் முழுக்க மறித்து நிறுத்தியது. எப்படி? குதிரையை விட்டு இறங்கி, 37 மி.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளோடும், துணைக்கு ஒரு கவச ரயிலோடும். போலந்துக் குதிரைப்படையின் வழக்கமான சண்டை முறையே அதுதான்: குதிரையில் வேகமாகப் போய்ச் சேர்வார்கள், தரையில் இறங்கிச் சண்டை போடுவார்கள். இத்தனைக்கும் ஜெர்மன் ராணுவமே அந்தப் போர் முடியும்வரை தன் பீரங்கிகளையும் சாமான்களையும் பெரும்பாலும் குதிரைகளை வைத்துத்தான் இழுத்துக்கொண்டிருந்தது.

இது தெரிந்த பிறகு அந்த வாள்வெட்டுக் காட்சி எனக்கு வலிக்கிறது. எதிரி கட்டிவிட்ட கதைக்கு ஒரு போலந்துக்காரரே படம் பிடித்துக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. போலந்திலேயே இதற்காக அவரைக் கடுமையாகத் திட்டினார்கள். படம் தனக்கும் திருப்தியாக அமையவில்லை என்று வாய்தாவே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

ஆனால் அவர் யார் என்பதையும் நினைக்க வேண்டும். போர் தொடங்கியபோது அவருக்கு வயது 13. அப்பா யாகூப் வாய்தா போலந்து ராணுவத்தில் கேப்டன், 1940-ல் சோவியத் ரகசியப் போலீஸ் கொன்ற ஆயிரக்கணக்கான போலந்து அதிகாரிகளில் ஒருவர். அந்தக் கொலைகளைப் பற்றி 1959-ல் போலந்தில் வெளிப்படையாகப் பேசவே முடியாது. அப்பாவின் தலைமுறை அதிகாரிகளைத் திரையில் நேசித்துக் காட்ட அன்று அவருக்குக் கிடைத்த வழிகளில் ஒன்று இந்தக் குதிரை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதனால்தான் படம் முழுக்க நிதானத்தை மீறிய ஓர் அன்பு தெரிகிறது, தப்பு நடந்த இடங்களிலும்கூட.

இன்னொரு விஷயம், பின்னாளில் பெரிய இயக்குநரான ரோமன் போலான்ஸ்கி இதில் ஒரு சின்ன வேஷத்தில் வருகிறார். கவனித்துப் பாருங்கள்.

வாய்தாவை இதில் தொடங்காதீர்கள். 'கனால்' (1957), 'ஆஷஸ் அண்ட் டயமண்ட்ஸ்' (1958) இரண்டையும் பார்த்துவிட்டு 'லோட்னா'வுக்கு வாருங்கள், கூடவே 2007-ல் அவர் எடுத்த 'கட்டின்' படத்தையும் பாருங்கள். அப்பாவுக்கு நேர்ந்ததை அவர் நேராகச் சொல்ல முடிந்தது அதில்தான், எண்பது வயதைத் தாண்டிய பிறகு.