பால்மிசானோவின் ஒலிம்பிக் தங்கம் அதிர்ஷ்டத்தால் கிடைத்ததா?

2021 ஒலிம்பிக் 20 கிலோமீட்டர் நடைப் போட்டியில் போட்டியாளர்கள் சிலர் தண்டனை பெற்றதால்தான் இத்தாலியின் அன்டோனெல்லா பால்மிசானோ தங்கம் வென்றாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதே என் உறுதியான கருத்து. அந்த ஒரு நாளை மட்டும் பார்க்காமல், அதற்கு முன்னும் பின்னும் அவர் கடந்து வந்த ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும்.

பால்மிசானோ 1991 ஆகஸ்ட் 6 அன்று தெற்கு இத்தாலியின் பூலியா பகுதியிலுள்ள மோட்டோலாவில் பிறந்தவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்து பதக்கத்தைத் தவறவிட்டார். மறு ஆண்டே லண்டன் உலகச் சாம்பியன் போட்டியில் 1 மணி 26 நிமிடம் 36 விநாடியில் முடித்து வெண்கலம் வென்றார். 2018இல் பெர்லின் ஐரோப்பியச் சாம்பியன் போட்டியிலும் வெண்கலம் கிடைத்தது. ஆகவே, அவர் திடீரென்று எங்கிருந்தோ வந்து தங்கத்தைத் தட்டிச் சென்றவர் அல்லர்.

டோக்கியோவின் வெப்பத்துக்கு அஞ்சி ஒலிம்பிக் நடைப் போட்டிகள் வடக்கே சப்போரோவுக்கு மாற்றப்பட்டிருந்தன. ஆனால் வெயில் அங்கேயும் விடவில்லை. 2021 ஆகஸ்ட் 6, பால்மிசானோவின் முப்பதாவது பிறந்தநாள். ஒரு கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் இருபது சுற்றுகள். தலையில் தாயார் செய்து கொடுத்த துணிப்பூவைச் சூடியிருந்த அவர், போட்டியின் பெரும்பகுதியில் முன்னணிக் கூட்டத்துக்குள்ளேயே அமைதியாக நடந்தார். நம் நாட்டின் பிரியங்கா கோஸ்வாமியும் தொடக்கத்தில் அந்தக் கூட்டத்தில் இருந்து, இறுதியில் 17ஆவதாக முடித்தார். கடைசிச் சில கிலோமீட்டர்களில் பால்மிசானோ வேகத்தைக் கூட்டியபோது எவராலும் அவரோடு ஒட்டி நடக்க முடியவில்லை. 1 மணி 29 நிமிடம் 12 விநாடியில் அவர் எல்லைக்கோட்டைக் கடந்தபோது, கொலம்பியாவின் சாண்ட்ரா அரீனாஸ் 25 விநாடிகள் பின்னால் இருந்தார்.

தண்டனை விஷயத்துக்கு வருகிறேன். நடைப் போட்டியில் ஏதேனும் ஒரு பாதம் எப்போதும் தரையில் இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்; முன்வைத்த கால், தரையைத் தொட்ட கணத்திலிருந்து உடலுக்கு நேர்கீழே வரும்வரை முழங்காலில் மடங்கக் கூடாது. நடுவர்கள் வெறுங்கண்ணால் பார்த்தே இதைத் தீர்மானிக்கிறார்கள். மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டைக்குப் பரிந்துரைத்தால் 20 கிலோமீட்டர் போட்டியில் இரண்டு நிமிடம் ஒதுங்கி நிற்க வேண்டும். சப்போரோவில் பிரேசிலின் எரிகா டி சேனா கடைசிச் சுற்றில், மூன்றாம் இடத்தில் இருந்தபோது இப்படி நிறுத்தப்பட்டுப் பதக்கத்தை இழந்தார். பார்க்கவே மனம் வலித்த காட்சி அது. ஆனாலும் தங்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. உலகச் சாதனைக்குச் சொந்தக்காரரான சீனாவின் யாங் ஜியாயூவும் தண்டனை பெற்று 12ஆம் இடத்துக்குப் போனார். உடல் சோர்ந்த நேரத்தில் வேகத்தைக் கூட்டும்போதும் நடை குலையாமல் இருப்பதுதான் இந்த விளையாட்டில் திறமை. எனவே ஒருவர் நடை தவறியதையும் மற்றவர் தவறாததையும் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

உண்மையில், அவர்மீது எனக்குள்ள மதிப்பு அந்தத் தங்கத்துக்குப் பிந்தைய ஆண்டுகளால் கூடியது. இடுப்புக் காயத்தால் 2022 உலகச் சாம்பியன் போட்டிக்கு அவரால் வர இயலவில்லை. ஒவ்வோர் அடியிலும் இடுப்பைச் சுழற்றியே முன்னேற வேண்டிய விளையாட்டில் அந்த மூட்டே பழுதாவது எத்தகைய இடி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருந்தும் 2023இல் புடாபெஸ்டில் மீண்டும் உலக வெண்கலம் வென்றார். 2024 ஜூனில் சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில், ரோமில், ஐரோப்பியச் சாம்பியன் ஆனார். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் போட்டியை முடிக்க முடியாமல் விலகினார்.

பலர் அத்துடன் ஓய்வு பெற்றிருப்பார்கள். அவரோ 35 கிலோமீட்டருக்குச் சென்றார். 2025 செப்டம்பரில் டோக்கியோ உலகச் சாம்பியன் போட்டியில், ஸ்பெயினின் மரியா பெரேஸுக்கு அடுத்தபடியாக வந்து வெள்ளி வென்றார். உலகச் சாம்பியன் போட்டிகளில் இரு வெண்கலங்களைத் தாண்டி அவர் பெற்ற உயர்ந்த இடம் அதுதான். அப்போது அவருக்கு வயது 34.