அகதிக் கோரிக்கையும் உளவியல் அறிக்கையும்: கேட்டவர்களுக்குப் பதில்

கனடாவில் அகதி வழக்குகளுக்கு உரைபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். உளவியலாளரின் அறையிலும் விசாரணையிலும் இருந்து கண்டதை வைத்துச் சொல்கிறேன். உங்கள் வழக்குக்கு என்ன பொருந்தும் என்பதை லோயரிடம் கேளுங்கள்.

அக்கா, அண்ணாவுக்குப் பிடிபட்ட திகதி குழம்புது. ஒருக்கா மே எண்டுறார், ஒருக்கா யூலை எண்டுறார். பொய் எண்டு நினைப்பினமோ?

நினைக்கக்கூடும், தங்கச்சி. அறிக்கை கைகொடுப்பதும் இந்த இடத்தில்தான். சித்திரவதைப்பட்டவரின் நினைவு நாட்காட்டிபோல வரிசையாக இராது. ஒருவர் உளவியலாளரின் அறைக்குள் வந்ததும் கதிரையை இழுத்துச் சுவரோடு போட்டுவிட்டு, கதவையே பார்த்தபடி இருந்தார். மாதம் கேட்டால் தெரியவில்லை. பெற்றோல் விட்டுத் தன் தலையில் கட்டிய சொப்பிங் பையைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டதும் சேட்டுக் கொலரால் மூக்கைப் பொத்தினார். உளவியலாளர் அதையும் எழுதினார்.

சம்பவம் நடந்தது என்று அறிக்கை நிரூபித்துவிடாது. இவருடைய மறதியும் பயமும் அப்படியான வதைக்குப் பிறகு வரக்கூடியவையா என்பதைச் சொல்லும். அதைக் காட்டி, அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் குடிவரவு அகதிகள் சபையின் 8ஆம் வழிகாட்டியின் கீழ் விசாரணையில் இடைவேளையோ கேள்வி கேட்கும் முறையில் மாற்றமோ கேட்கலாம். விசாரணைக்கு 10 நாட்களுக்கு முன்பே ஆவணங்கள் போய்ச் சேர வேண்டும். ஆகவே கடைசி நேரம்வரை இழுக்காதீர்கள்.

நான் ஒருநாளும் சிகிச்சைக்குப் போகேல்லை. இப்ப ரிப்போர்ட் எடுத்தா "கேசுக்காக எடுத்தது" எண்டு தள்ளிவிடுவினமோ?

தம்பி, காந்தசாமி வழக்கைத் தெரிந்து வைத்திருங்கள். இலங்கையின் வடக்கிலிருந்து பதின்ம வயதில் கனடாவுக்கு வந்த ஒரு தமிழ்ப் பெடியனின் வழக்கு அது. அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டபின், இரக்க அடிப்படையில் இங்கேயே இருக்க விடும்படி கேட்கும் மனிதாபிமான மனுப் போட்டார். அவருக்கு மனவடு நோய் இருக்கிறது என்ற உளவியலாளரின் முடிவை, மனுவைப் பார்த்த குடிவரவு அதிகாரி மறுக்கவில்லை. ஆனால் சிகிச்சை பெற்றதற்கு ஆதாரம் இல்லை, உளவியலாளர் எழுதியது தான் நேரில் காணாத, கேட்டறிந்த கதை என்று அறிக்கையின் பெறுமதியைக் குறைத்துவிட்டார். 2015இல் கனடிய உச்ச நீதிமன்றம் அது நியாயமற்றது என்றது. நோயை ஏற்றுக்கொண்டபின் சிகிச்சைக்கு ஆதாரம் கேட்பது ஏன்? நடந்த சம்பவத்தை உளவியலாளர் நேரில் கண்டிருப்பது எவ்வளவு அரிது! எங்கட பிள்ளை ஒருவரின் வழக்கு இன்று எல்லா நாட்டவருக்கும் உதவுகிறது என்பதில் எனக்குப் பெருமை.

அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். நித்திரை இல்லாமல் தவிப்பது நீங்கள்தானே.

எனக்கு விசர் எண்டு பதிஞ்சு போடுவினமோ?

இல்லை, அம்மா. இது விசர் இல்லை, பட்ட காயம். அகதியாக ஏற்கப்பட்டவருக்கு, மருத்துவச் செலவு கூடும் என்று சொல்லி நிரந்தர வதிவிடத்தை மறுக்கவும் சட்டம் விடாது.

கொஞ்சம் கூட்டிச் சொன்னால் நல்லதோ?

வேண்டவே வேண்டாம். மிகைப்படுத்தலைப் பிடிக்கவென்றே சோதனைகள் உண்டு. அகதிக் கோரிக்கைப் படிவத்தில் ஒன்றும் அறிக்கையில் வேறொன்றும் இருந்தால், உண்மையாகப் பட்டதும் எடுபடாது.

அம்மாவோட நானும் உள்ளுக்கு இருக்கலாமோ?

வாசல்வரை கூட்டிக்கொண்டு போங்கோ, மகன். உள்ளே அவரைத் தனியாக விடுங்கள். பிள்ளைக்கு முன்னால் சில விஷயங்களை எந்தத் தாயும் வாய் திறந்து சொல்லமாட்டார். பெண் உளவியலாளரும் பெண் உரைபெயர்ப்பாளரும் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒரு தாய், மகன் தேத்தண்ணி வாங்க வெளியே போன பத்து நிமிடத்துக்குள்தான் எல்லாவற்றையும் சொன்னார்.