கோடையில் தலைநகர், மழையில் மலையூர்: ஊட்டி கேள்வி பதில்

சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராக ஊட்டி இருந்த காலத்தைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். வந்தவற்றில் சில.

கோத்தகிரி, கல்லூரி மாணவி: ஐயா, ஊட்டி நிஜமாவே தலைநகரா? இல்ல, கவர்னர் ஓய்வெடுக்க வந்ததைத்தான் அப்படிச் சொல்றோமா?

நிஜம்தான் அம்மா. கவர்னர் மட்டும் வந்துபோனால் அது ஓய்வு. இங்கே செயலாளர்கள், குமாஸ்தாக்கள், கட்டுக்கட்டாய் ஃபைல் எல்லாமே மலையேறின. உத்தரவுகள் இங்கிருந்தே போயின. மலை ரயில் குன்னூருக்கு வந்தது 1899இல், ஊட்டிக்கு 1908இல். அதற்கு முன்பு மாட்டுவண்டியும் குதிரையும்தான். சென்னைப் பத்திரிகைகள் இந்தச் செலவைத் திட்டி எழுதின. வெயிலில் வேகிற ஊரைக் கம்பளிக்குள் உட்கார்ந்து ஆண்டால் திட்டாமல் என்ன செய்வார்கள்?

காந்தல், ஆட்டோ ஓட்டுநர்: அண்ணா, சல்லிவன்தான் ஊட்டியைக் கண்டுபிடிச்சாருன்னு டூரிஸ்ட்டுக்குச் சொல்றோம். அதுக்கு முன்னாடி இங்க யாருமே இல்லையா?

இனிமேல் அப்படிச் சொல்லாதீங்க தம்பி! தலையாட்டுமந்து, காந்தல் மந்து என்று தினமும் சொல்கிறீர்களே, மந்து என்றால் தோடர் குடியிருப்பு. பொட்டானிக்கல் கார்டனுக்கு மேலே இன்றைக்கும் ஒரு மந்து இருக்கிறது. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் எல்லோரும் இருந்த மலை இது.

ஜான் சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டர். ஏக்கர் ஒரு ரூபாய் என்று தோடரிடம் நிலம் வாங்கினார். 1822இல் ஊட்டியின் முதல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். கல்லால் எழுந்ததால் மலைமக்கள் வைத்த பெயர் ‘கல் பங்களா’. இப்போது அது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. ஏரியும் அவர் வெட்டியதுதான். அன்றைக்கு அது இன்னும் பெரிது. நீங்கள் சவாரி ஏற்றுகிற பஸ் ஸ்டாண்டும் பக்கத்து ரேஸ்கோர்ஸும் ஒரு காலத்தில் தண்ணீருக்கடியில் இருந்த இடம்.

குன்னூர், ஆசிரியை: சார், இங்க வாழ்ந்த பெரிய ஆட்கள் யார் யார்?

மெக்காலே 1834இல் இங்கே தங்கினார். அப்போது கவர்னர் ஜெனரல் பெண்டிங்கும் ஊட்டியில்தான். பொட்டானிக்கல் கார்டனை 1848 முதல் உருவாக்கியவர் மெக்ஐவர். மைசூர் மகாராஜாவுக்கு ஃபர்ன்ஹில்லில் அரண்மனை. ஜோத்பூர் மகாராஜாவின் கோடை மாளிகைதான் இன்றைய ‘தமிழகம்’ விருந்தினர் இல்லம். ஸ்னூக்கருக்கு விதிகளை எழுதி ஊட்டி கிளப்பில் ஒட்டியவர் நெவில் சேம்பர்லைன் என்கிற ராணுவ அதிகாரி. அதே பெயருள்ள பிரிட்டிஷ் பிரதமர் வேறு ஆள். மாணவர்கள் குழப்பிக்கொள்வார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவரை யாருமே சொல்வதில்லை. சேரிங்கிராஸ் ஃபவுண்டன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்காதவர் உண்டா? அது ஆடம் என்ற கவர்னரின் நினைவாக வைத்தது. 1881இல் பதவியில் இருக்கும்போதே ஊட்டியில் இறந்துபோனார். ஃபவுண்டன் முதலில் மார்க்கெட் பக்கம் இருந்தது, பிறகுதான் சேரிங்கிராஸுக்கு வந்தது.

கூடலூர்: ஊட்டி சர்ச்சுல திப்பு சுல்தான் அரண்மனை மரம் இருக்குன்னு சொல்றாங்களே?

இருக்கிறது. புனித ஸ்டீபன் ஆலயம், 1829இல் அடிக்கல், 1831இல் திறப்பு. உள்ளே போனால் அண்ணாந்து பாருங்கள். அந்தப் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டினத்துத் திப்பு அரண்மனையிலிருந்து வந்தவை. வெளியே கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் கிடக்கிறார்கள். சல்லிவன் இல்லை. அவர் 1855இல் இறந்தது இங்கிலாந்தில்.

இந்துநகர்: தலைநகர் மவுசு போனபிறகு ஊருக்கு என்ன மிச்சம்?

உங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தாலே பதில் தெரியுமே. 1960இல் உங்கள் பக்கத்தில் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை எத்தனை வீட்டில் அடுப்பெரிய வைத்தது! அதுவும் மூடிவிட்டது. மிச்சம் கேரட்டும் டூரிஸ்ட்டும்தான். கோடையில் ஆளுநர் இன்றும் இங்குள்ள ஆளுநர் மாளிகைக்கு வந்து போகிறார். அன்றைக்கு டிராஃபிக்கில் மாட்டினால் பழைய தலைநகர் ஞாபகம் வரும்.

மேட்டுப்பாளையம்: பிள்ளைகளோட ஒரே நாள்ல வர்றோம். எதைப் பார்க்கலாம்?

சேரிங்கிராஸில் தொடங்கி சர்ச், அங்கிருந்து கல் பங்களா. கல்லூரி வாசலில் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். கார்டனைக் கடைசியில் வையுங்கள், அங்கே போனால் பிள்ளைகள் கிளம்பமாட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடும், குடையும் ஸ்வெட்டரும் பையில் இருக்கட்டும்.