மலைப் பயணத்துக்குச் சமதரை நடை போதுமா?

கேள்வி: எனக்கு 52 வயது. மூன்று மாதம் கழித்து, வழிகாட்டியுடன் மோன் பிளாங் மலையைச் சுற்றி வரும் பத்து நாள் நடைப்பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். தினமும் சமதரையில் ஒரு மணி நேரம் நடக்கும் பழக்கம் உண்டு. இது போதுமா? என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: போதாது, ஆனால் மூன்று மாத அவகாசம் தாராளமானது. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகள் வழியாகச் செல்லும் இந்தப் பாதையின் நீளம் சுமார் 170 கிலோமீட்டர். பலரும் இந்தத் தூரத்தைப் பார்த்தே தயங்குகிறார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது, மொத்தம் ஏறக்குறைய 10,000 மீட்டர் ஏற வேண்டியிருக்கிறது என்பதையும், ஏறிய அத்தனையையும் இறங்கியாக வேண்டும் என்பதையும்தான். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த கணக்குப்படி, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும் ஆகும். நாளொன்றுக்கு 17 கிலோமீட்டரும் 1,000 மீட்டர் ஏற்றமும் என்றால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஓய்வையும் குழுவின் வேகத்தையும் சேர்த்தால் ஏழு மணி நேரம்கூட ஆகலாம்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நின்று கொள்ளலாம். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்கின்றன. பழக்கமில்லாத தசை இதனால்தான் மறுநாளும் அதற்கடுத்த நாளும் கடுமையாக வலிக்கிறது. சமதரை நடை இந்த வேலையைக் கற்றுத்தராது, மாடிப்படி கற்றுத்தரும். வாரம் இரண்டு முறை, முதலில் முப்பது மாடி அளவுக்கு ஏறி இறங்கத் தொடங்கி, எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஏறிவிட்டு லிஃப்டில் இறங்கினால் பயிற்சியின் பாதிப் பயன் போய்விடும். இரண்டாம் மாதம் முதல் ஐந்து கிலோ எடையுள்ள முதுகுப்பையைச் சுமந்து ஏறுங்கள். வாரம் ஒருமுறை நீண்ட நடை வேண்டும். கடைசி மாதத்தில் அதை அடுத்தடுத்த இரண்டு நாள்களில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் களைத்த காலுடன் காலையில் மீண்டும் கிளம்புவதே இத்தகைய பயணத்தின் இயல்பு. புறப்படுவதற்கு முந்தைய பத்து நாள்களில் பயிற்சியைக் குறைத்துவிடலாம்.

வாங்குவதில் முதலிடம் காலணிக்கு. கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், பயணத்தில் அணியப்போகும் காலுறையுடனேயே போட்டுப் பாருங்கள். சரிவான பலகையில் நின்று கீழ்நோக்கி அழுத்தும்போது விரல் நுனி முன்பக்கத்தில் இடிக்கக் கூடாது; இடித்தால் சில நாள் இறக்கத்திலேயே நகம் கறுத்துவிடும். குறைந்தது ஒரு மாதமாவது அணிந்து பழகிய பிறகே கொண்டு செல்லுங்கள். அடுத்ததாக, ஒரு ஜோடி ஊன்றுகோல்கள்.

ஆடையில் பருத்தியைத் தவிருங்கள். நனைந்தால் எளிதில் உலராது. மோன் பிளாங் அடிவாரத்திலுள்ள ஷாமொனி ஊர் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பாதையில் வரும் கிராண்ட் கோல் ஃபெரே கணவாயோ 2,537 மீட்டரில். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி வீதம் வெப்பம் குறையுமாதலால், கீழே இதமாக இருக்கும் காலையிலும் மேலே குளிர்காற்று வீசலாம். நல்ல மழைச்சட்டையும் ஒரு கம்பளி மேலாடையும் ஜூலையிலும் பையில் இருக்கட்டும். மலைவிடுதிகளில் போர்வை தருவார்கள்; அதனுள் விரித்துப் படுக்க மெல்லிய உறை நீங்கள்தான் கொண்டு செல்ல வேண்டும். உயரம் ஏறுவதால் வரும் மலைநோய்க்கான மாத்திரைகள் இந்த உயரத்துக்குப் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால், பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

இந்த மூன்று நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் மலை மீட்பும் ஹெலிகாப்டர் செலவும் அடங்குமா, எத்தனை மீட்டர் உயரம்வரை செல்லும் என்பதை எழுத்தில் பெறுங்கள். சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் மீட்புக்குக் கட்டணம் உண்டு. ஏற்பாட்டாளரிடம் மூன்று விவரம் கேளுங்கள்: பெட்டியை வாகனத்தில் அனுப்புவார்களா, ஒவ்வொரு நாளும் ஏற்றம் எத்தனை மீட்டர், ஒருவரால் நடக்க இயலாத நாளில் என்ன செய்வார்கள். பள்ளத்தாக்கு ஊர்களுக்குப் பேருந்து இருப்பதால், சில கட்டங்களை அதில் கடந்து அடுத்த ஊரில் குழுவுடன் சேர்ந்துகொள்ளலாம். முழங்கால் வலியோ தினசரி மாத்திரையோ இருந்தால், முதல் நாள் மாலையிலேயே வழிகாட்டியைத் தனியே பார்த்துச் சொல்லிவிடுங்கள். குழுவின் வேகத்தை அவர் அதற்கேற்ப அமைத்துக்கொள்வார்.