வாசற்படியை அளந்துவிட்டு வாங்குங்கள்: ரோபோ வேக்கம் கிளீனர் பற்றி வாசகர் கேள்விகள்

தானாக ஓடித் தரையைப் பெருக்கும் ரோபோ வேக்கம் கிளீனர் பற்றி டெல்டா மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு முட்டிவலி. குனிந்து பெருக்க முடியவில்லை. நானும் கணவரும் மட்டும்தான் இருக்கிறோம். 1,000 சதுர அடி வீடு, முழுக்க டைல்ஸ். மகன் ரோபோ வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். உபயோகமா, வீண் செலவா?
– வாசகி, தஞ்சாவூர்

உங்கள் வீட்டுக்கு வாங்கலாம். ஒரே மட்டத்தில் டைல்ஸ் போட்ட வீடுதான் இந்த இயந்திரத்துக்கு ஏற்ற வீடு. கட்டில், பீரோ அடைக்கும் இடம் போக மிச்சமுள்ள தரையை ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் பெருக்கிவிடும். அன்றாடத் தூசி, தலைமுடி, சாப்பிடும் இடத்தில் சிந்தும் பருக்கை ஆகியவற்றை நன்றாகவே எடுக்கும். ஒட்டடை, ஃபேன், மாடிப்படி, சுவர் மூலை ஆகியவை அப்படியே இருக்கும். வட்டமான உடம்பு என்பதால் மூலைக்குள் முழுதாக நுழையாது. வேலைக்கு ஆள் வருகிறார் என்றால் இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

மகன் என்ன வாங்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். முதலில் பார்க்க வேண்டியது, அது வழி கண்டுபிடிக்கும் விதம். 2002-ல் ரூம்பா வந்தபோது இவை சுவரில் மோதி மோதித் திரும்பும் வகைதான். இன்றும் மலிவான சிலவற்றில், எத்தனை தூரம் வந்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று குத்துமதிப்பாகக் கணக்கு வைக்கும் ஜைரோ முறை இருக்கிறது. விட்ட இடத்தை விட்டுவிட்டு, பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கும். தலையில் சிறு கோபுரம் போல லேசர் சுழலும் 'லிடார்' வகை வீட்டை அளந்து வரைபடம் போட்டுக்கொண்டு வரிசையாகப் பெருக்கும். அதற்குக் குறைந்த எதையும் வாங்க வேண்டாம்.

அடுத்தது, உறிஞ்சும் சக்தி. விளம்பரத்தில் 8,000 பாஸ்கல், 10,000 பாஸ்கல் என்று பெரிதாகப் போடுவார்கள். அந்த வேகம் கம்பளத்துக்குத்தான் தேவை. நம் ஊர் வெறும் டைல்ஸ் தரைக்கு 3,000 பாஸ்கல் போதும். அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

அந்தப் பணத்தை, ரோபோ வந்து நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்போதே அதன் தூசியையும் தானே காலி செய்யும் ஸ்டாண்டுக்குக் கொடுங்கள். உங்கள் முட்டிக்கு அதுதான் முக்கியம். சாதாரண ரோபோவின் தூசிப்பெட்டி 300 முதல் 500 மில்லி வரைதான் கொள்ளும். தினமும் குனிந்து, மூன்று நான்கு கிலோ எடையுள்ள இயந்திரத்தின் பெட்டியைக் கழற்ற வேண்டியிருக்கும். ஸ்டாண்டில் இரண்டரை, மூன்று லிட்டர் பை இருக்கும். ரோபோ திரும்பி வந்ததும் தூசியை அதில் இழுத்துக்கொள்ளும். இரண்டு மாதம் தாங்கும் என்பார்கள். நம் பக்கத்துத் தூசிக்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண லிடார் ரோபோ ஏறக்குறைய 15,000 ரூபாயிலிருந்து 25,000 வரை இருக்கும். இந்த ஸ்டாண்டோடு வாங்கினால் அதற்கு மேல் பத்தாயிரமாவது ஆகும்.

மின்சாரத்தை நினைத்துக் கவலை வேண்டாம். 14.4 வோல்ட், 5,200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை ஒருமுறை முழுதாக ஏற்ற ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் செலவாகும். தினமும் ஓடவிட்டாலும் பெருக்குவதற்கு மாதம் மூன்று யூனிட் சுற்றளவில்தான்.

முக்கியமான ஒன்று: நீங்கள் இருவரும் நடமாடும் நேரத்தில் ஓடவிடாதீர்கள். காலடியில் வந்தால் தடுக்கி விழ வாய்ப்பு உண்டு. மதியம் படுத்திருக்கும் நேரம் அல்லது சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும் நேரம் சரியானது.

கேள்வி: எங்களுடையது பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம். சிவப்பு ஆக்சைடு தரை, ஓரத்தில் கருப்புப் பட்டை. அடுப்படியில் கடப்பா கல். ரோபோ முற்றத்தில் விழுந்துவிடாதா?
– வாசகர், கும்பகோணம்

முற்றத்தைவிட உங்களுக்குப் பெரிய தடை வாசற்படி. கடைக்குப் போகும் முன் ஒரு ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு அறையின் நிலைப்படியையும் அளந்து பாருங்கள். பெரும்பாலான ரோபோக்கள் இரண்டு சென்டிமீட்டர் வரைதான் ஏறும். பழைய மர நிலைகளில் கீழ்ச்சட்டம் மூன்று, நான்கு அங்குலம் இருப்பது சாதாரணம். மரப்பலகையில் சாய்வு செய்து போடலாம்தான். ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு முப்பது சென்டிமீட்டர் நீளம் வேண்டும். அதுவும் படியின் இருபுறமும். நான்கு அங்குலப் படிக்கு அதுவே இரண்டு அடி நீளமாகிவிடும். வயதானவர்கள் நடக்கும் வழியில் அப்படி ஒன்றைப் போடச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

அடுத்தது உயரம். லிடார் கோபுரம் உள்ள ரோபோ ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் உயரம் இருக்கும். கட்டில், பீரோவுக்கு அடியில் பதினொரு சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். பத்தரை இருந்தால் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டு, எடுத்துவிடச் சொல்லிக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒன்று தாராளமாக நுழைய வேண்டும், இல்லையேல் நுழையவே முடியாதபடி ஒரு கட்டையை வைத்து அடைத்துவிட வேண்டும். ஊஞ்சல் பலகை நல்ல உயரத்தில் தொங்குவதால் பிரச்சினை இல்லை.

இனி முற்றம். ரோபோவின் அடிப்பக்கத்தில் இன்ஃப்ராரெட் சென்சார்கள் இருக்கும். அவை தரையில் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைப் பார்க்கும். ஒளி திரும்பவில்லை என்றால் பள்ளம் என்று எடுத்துக்கொண்டு பின்வாங்கும். ஆகவே காய்ந்த தரையில் முற்றத்தின் விளிம்பில் நின்றுவிடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடித்துத் தாழ்வாரம் ஈரமாக இருக்கும்போது, நின்ற பிறகும் சக்கரம் வழுக்கும். தண்ணீரை உறிஞ்சினால் மோட்டார் போய்விடும். அதற்கு வாரண்டியும் கிடைக்காது. முற்றத்து வெயில் நேராக விழும் உச்சிப்பொழுதில் சென்சார்கள் தடுமாறுவதும் உண்டு.

உங்கள் கடப்பா கல்லில் இதற்கு நேர்மாறான தொல்லை. கருப்பு நிறம் ஒளியை விழுங்கிவிடுவதால், சமதரையையும் பள்ளம் என்று நினைத்து அடுப்படிக்குள் போகவே மறுக்கும். கூடத்தின் ஓரக் கருப்புப் பட்டையிலும் அப்படியே திரும்பிவிடக்கூடும். சென்சார் மேல் வெள்ளை டேப் ஒட்டிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். முற்றம் உள்ள வீட்டில் அதைச் செய்யவே கூடாது. பள்ளத்தைக் காட்டும் ஒரே வழியை நாமே மூடிவிடுகிறோம்.

ஆகவே எங்கள் பதில்: உங்களுக்கு ரோபோ வேண்டாம். கையில் பிடித்து நின்றபடியே தள்ளும் கம்பியில்லா ஸ்டிக் வேக்கம் வாங்குங்கள். படி தாண்டும், கடப்பா கல்லையும் பெருக்கும், நீளக் குழாயை மாட்டினால் ஓட்டின் கைமரத்தில் தொங்கும் ஒட்டடையையும் எடுக்கும்.

கேள்வி: வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அறுவடைக்குப் பிறகு உறிஞ்சுவதே இல்லை. சத்தம் மட்டும் வருகிறது. மூட்டை மூட்டையாக நெல் வீட்டுக்குள்தான் இருக்கிறது.
– வாசகர், மன்னார்குடி

இயந்திரம் கெட்டுப்போயிருக்க வாய்ப்புக் குறைவு. ஃபில்டர் அடைத்திருக்கும். நெல்லின் சுணை மிக மெல்லிய தூசி. ஃபில்டரின் மடிப்புகளுக்குள் மாவு போல் படிந்துவிடும். காற்று போக வழியில்லாமல் மோட்டார் இரைகிறது.

தூசிப்பெட்டியைக் கழற்றி, ஃபில்டரை வெளியே எடுத்து, குப்பைத்தொட்டி விளிம்பில் லேசாகத் தட்டுங்கள். பெயின்ட் பிரஷ் போன்ற மெல்லிய பிரஷால் மடிப்பு மடிப்பாக நீவுங்கள். அந்தச் சுணை மூச்சுக்கு ஆகாது; முகத்தில் துணி கட்டிக்கொண்டு கொல்லையில் வைத்துச் செய்யுங்கள். ஃபில்டரைக் கழுவலாமா என்பதைக் கையேட்டில் பாருங்கள். எல்லாவற்றையும் கழுவ முடியாது. கழுவக்கூடியதானால் வெறும் தண்ணீரில் அலசி, 24 மணி நேரமாவது நிழலில் காயவிட வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு நாளாகும். அரைகுறை ஈரத்தோடு மாட்டினால் தூசி சேறாகி ஒட்டிக்கொள்ளும், வீடெல்லாம் முடைநாற்றம் அடிக்கும். அதனால் கைவசம் இரண்டு ஃபில்டர் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள்.

ஃபில்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பது சாதாரண வீட்டுக் கணக்கு. குறுவை, சம்பா அறுவடை நேரங்களில் உங்கள் வீட்டில் ஒவ்வொரு முறை ஓடியதும் தட்டி வைக்க வேண்டும்.

மூட்டை அடுக்கிய அறையில் ரோபோவை விடவே வேண்டாம். பதரும் கருக்காயும் சில நிமிடத்தில் பெட்டியை நிரப்பிவிடும். மேலும் பக்கவாட்டில் சுழலும் சிறு பிரஷ், வழுவழுப்பான தரையில் கிடக்கும் நெல்மணியை உள்ளே தள்ளாமல் அறை முழுக்கத் தெறிக்கவிடும். அந்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்கி அள்ளிவிட்டு, பிறகு மிச்சத் தூசிக்கு ரோபோவை விடுங்கள். சோற்றுப் பருக்கை சேர்ந்த பெட்டியை இரவில் அப்படியே விட்டால் காலையில் எறும்பு மொய்த்திருக்கும். தினமும் காலி செய்துவிடுங்கள்.

கேள்வி: துடைக்கும் வசதியும் உள்ள ரோபோ வைத்திருக்கிறோம். தரையில் வெள்ளை வெள்ளையாகக் கறை நிற்கிறது. இப்போது சார்ஜும் சரியாக ஏறவில்லை.
– வாசகி, நாகப்பட்டினம்

இரண்டுக்கும் காரணம் உப்பு. நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் ஊரில் அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால், தரையில் வெள்ளைத் தடம் மட்டுமில்லை, நீர் சொட்டும் சின்னத் துளைகளும் அடைபடும். தொட்டி கொள்வது 200, 300 மில்லிதான். ஆர்.ஓ. தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ ஊற்றுங்கள். ஃபினாயில், பிளீச்சிங் கரைசல் எதையும் கலக்காதீர்கள். பம்பும் ரப்பர் வளையமும் அரிக்கும். வேலை முடிந்ததும் மீதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, துடைக்கும் துணியைக் கழற்றி அலசி வெயிலில் போடுங்கள். இந்த ரோபோ ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதுபோல்தான் துடைக்கும்; மஞ்சள் கறை, எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்து எடுக்காது. வாரம் ஒருமுறை கையால் மாப் போடுவது இருக்கத்தான் செய்யும்.

சார்ஜ் விஷயத்துக்கு, ரோபோவிலும் ஸ்டாண்டிலும் உள்ள இரண்டு உலோகப் பட்டைகளைப் பாருங்கள். உப்புக்காற்றில் கறுத்திருக்கும், சில நேரம் பச்சை பூத்திருக்கும். ஸ்டாண்டின் பிளக்கைப் பிடுங்கி, ரோபோவையும் அணைத்துவிட்டு, பென்சில் அழிக்கும் ரப்பரால் அழுத்தித் தேய்த்து உலர்ந்த துணியால் துடையுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். ஸ்டாண்டை ஜன்னல் ஓரத்திலிருந்து உள்சுவருக்கு மாற்றுங்கள். அதற்கு இருபுறமும் அரை மீட்டர், முன்னால் ஒன்றரை மீட்டர் காலியிடம் வேண்டும். இல்லாவிட்டால் ரோபோ அதைத் தேடி அலைந்தே பேட்டரியைத் தீர்த்துவிடும். இதற்குப் பிறகும் ஏறவில்லை என்றால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இரண்டு மூன்று வருட ஓட்டத்துக்குப் பிறகு அது தளர்வது இயல்பு.

கேள்வி: தறி வீடு எங்களுடையது. பட்டு நூல், ஜரிகைத் துண்டு, பெண்களின் தலைமுடி எல்லாம் பிரஷில் சுற்றிக்கொள்கிறது. ஓடும்போது தரையில் கோடும் விழுகிறது.
– வாசகர், திருபுவனம்

கோடு விழுவது முன்சக்கரத்தால். அடியில் நடுவே இருக்கும் அந்தச் சிறு சக்கரத்தின் அச்சில் நூல் இறுகிவிட்டால், அது உருளாமல் இழுபடும். பெரும்பாலான மாடல்களில், ரோபோவைக் கவிழ்த்து வைத்து அதை நேராக மேலே இழுத்தால் கழன்று வரும். அச்சையும் உருவி நூலை எடுங்கள். நடுப் பிரஷைக் கழற்றி, அதன் இரு முனை மூடிகளையும் உருவுங்கள். வெளியே தெரியும் முடியைவிட அந்த மூடிக்குள் இறுகும் முடிதான் பிரஷை நிறுத்துகிறது. எண்ணெய்த் தலைமுடி கெட்டியாகப் பிடித்திருக்கும். பிரஷின் நீளவாக்கில் கத்தரியை விட்டு வெட்டி எடுங்கள், இழுக்காதீர்கள். பூ தொடுக்கும் வாழைநாரும் இதே வேலையைச் செய்யும். மயிர்க்குச்சம் உள்ள பிரஷைவிட முழு ரப்பர் உருளையில் சிக்கல் குறைவு; உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் மாற்றுங்கள்.

தறிக்கு அடியில் மட்டும் விட வேண்டாம். தொங்கும் ஓர் இழையைப் பிடித்து இழுத்தால், தறியில் நீளவாக்கில் பூட்டிய பாவு நூல் நாசம்.

கேள்வி: தினமும் மாலை ஆறு மணிக்கு ஓடும்படி நேரம் வைத்திருக்கிறோம். பூஜை மாடத்தில் கோலம் அழிந்துபோகிறது.
– வாசகி, மயிலாடுதுறை

கோலம் அழிவதைவிட ஆபத்தானது ஒன்று இருக்கிறது. ஆறு மணி விளக்கேற்றும் நேரம். தரையில் எரியும் அகலையோ குத்துவிளக்கையோ ரோபோ தள்ளிக்கொண்டு போகும். கொட்டிய எண்ணெயைச் சக்கரத்தால் வீடெங்கும் இழுக்கும். நேரத்தை இன்றே காலை பத்து மணிக்கு மாற்றுங்கள். ரோபோவுக்கான செல்போன் செயலியில் வீட்டு வரைபடத்தைத் திறந்து பூஜை இடத்தைச் சுற்றி 'போகாதே' கட்டம் போடுங்கள். ரோபோவைத் தூக்கி வேறு இடத்தில் வைத்து ஓடவிட்டால் சில சமயம் அந்தக் கட்டம் இடம் மாறிவிடும் என்பதால், குறுக்கே ஒரு மணையையும் சாய்த்து வையுங்கள். அரிசிமாவும் விபூதியும் ஃபில்டரை அடைக்கும் ரகம். அங்கே கையால் துடைப்பதுதான் நல்லது. கார்த்திகை தீபத்தன்று ரோபோவின் பட்டனையே அணைத்துவிடுங்கள்.

கேள்வி: அடிக்கடி கரண்ட் போகிறது, இன்டர்நெட்டும் சுமார். ஓடுமா? கேமரா இருப்பதால் பயமாகவும் இருக்கிறது.
– வாசகி, திருவாரூர்

ஓடும். பேட்டரியில்தான் பெருக்குகிறது, கரண்ட் போனால் ஸ்டாண்டுக்குத் திரும்பும் வழி மட்டும் தெரியாமல் போகலாம், கையால் எடுத்து வையுங்கள். இணையம் இல்லாவிட்டாலும் மேலே உள்ள பட்டனை அழுத்தினால் பெருக்கும். செயலியோடு இணைக்க, வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பாலானவை இணையாது.

கேமரா பற்றிய உங்கள் பயம் நியாயமானது. சோதனைக்காக வீடுகளில் ஓடவிட்ட ரோபோக்கள் எடுத்த அந்தரங்கப் படங்கள் இணையத்தில் கசிந்தது 2022-ல் வெளிநாட்டில் செய்தியானது. லிடார் மட்டும் உள்ள மாடலை வாங்குங்கள். அது தூரத்தை அளக்குமே தவிர ஆளைப் படமெடுக்காது. வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: சர்வீஸ் திருச்சியிலாவது உண்டா, ஃபில்டரும் பிரஷும் தனியாகக் கிடைக்குமா. பழுதானால் அனுப்பித்தான் சரிபார்க்க வேண்டியிருக்கும். அதனால் வந்த அட்டைப்பெட்டியைத் தெர்மகோலோடு பரணில் வைத்துக்கொள்ளுங்கள்.