வீட்டில் இணையப் பயன்பாட்டைக் கண்காணிக்கவும் கட்டுப்படுத்தவும் வலையமைப்பை எப்படி அமைப்பது?

மாதம் முடிவதற்குள் இணைய அளவு தீர்ந்துவிடுகிறது, அதை எந்தக் கருவி இழுக்கிறது என்று தெரியவில்லை, பத்து வயது மகளும் பதினான்கு வயது மகனும் இருக்கும் வீட்டில் தகாத தளங்களைத் தடுக்கவும் இரவில் இணையத்தை நிறுத்தவும் வேண்டும், ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாகச் செயலி நிறுவாமல் வலையமைப்பிலேயே இதைச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பகுதியைச் செய்ய முடியும். என் வீட்டில் ஆறு ஆண்டுகளாக அப்படித்தான் நடந்துவருகிறது. ஆனால் எந்த ரவுட்டரை வாங்கலாம் என்று பார்ப்பதற்கு முன், ரவுட்டரிலிருந்து எது தெரியும், எது தெரியாது என்பதை அறிந்துகொள்ளுங்கள். இது தெரியாமல் தொடங்குபவர்கள்தான் பாதி வழியில் கைவிடுகிறார்கள்.

இன்று ஏறத்தாழ எல்லாத் தளங்களும் ஹெச்டிடிபிஎஸ் மூலம் மறையாக்கப்பட்டே இயங்குகின்றன. ஆகவே எந்தக் கருவி, எந்த நேரத்தில், எந்தத் தளத்தின் பெயரைக் கேட்டது, எத்தனை மெகாபைட் இறக்கியது, எத்தனை ஏற்றியது என்பது வரை ரவுட்டருக்குத் தெரியும். யூடியூபில் பார்த்தது பாடமா விளையாட்டா, உரையாடலில் எழுதியது என்ன என்பது தெரியாது. ஒவ்வொரு கருவியிலும் ஒரு சான்றிதழை நிறுவி மறையாக்கத்தையே உடைத்துப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. அதை வீட்டில் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் வங்கிக் கடவுச்சொல்லும் அந்தப் பெட்டிக்குள் திறந்த நிலையில் சென்று வரும் என்பதோடு, பல செயலிகள் அந்தச் சான்றிதழை ஏற்காமல் நின்றுவிடும்.

முதல் வேலை, வீட்டிலிருந்து இணையத்துக்குச் செல்லும் பாதையை ஒன்றாக்குவது. சேவை நிறுவனங்கள் தரும் பெட்டிகள் பலவற்றில் டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்குரிய எண் முகவரியைச் சொல்லும் சேவை) முகவரியை மாற்றவோ கருவிவாரியாகப் பயன்பாட்டை அளக்கவோ வழியிருப்பதில்லை. அப்படியானால் அந்தப் பெட்டியை பிரிட்ஜ் நிலைக்கு, அதாவது இணைப்பைக் கடத்திவிடுவதை மட்டும் செய்யும் நிலைக்கு, மாற்றச் சொல்லிவிட்டு, அதன் பின்னால் உங்கள் சொந்த ரவுட்டரை வையுங்கள். ரவுட்டரின் சொந்த மென்பொருளுக்குப் பதிலாக நிறுவக்கூடிய ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருளை ஏற்கும் ரவுட்டராக இருந்தால் நான் கீழே சொல்லும் அனைத்தையும் அதிலேயே செய்யலாம். பிரிட்ஜ் நிலைக்கு மாற்ற முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் பழைய பெட்டியின் வைஃபையை மறக்காமல் அணைத்துவிடுங்கள். நான் அணைக்காமல் விட்டேன். பழைய கடவுச்சொல்லை நினைவில் வைத்திருந்த இரண்டு கைபேசிகள் மூன்று மாதங்கள் அதன் வழியாகவே போய்க்கொண்டிருந்தன. நான் எடுத்து வைத்திருந்த கணக்கு முழுவதும் பிழையாகிவிட்டது. நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவதும் கடவுச்சொல் இடாமல் இணைய உதவும் டபிள்யூபிஎஸ் பொத்தான் வசதியை அணைப்பதும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டியவை.

அடுத்து, கருவிகளுக்குப் பெயரிடுவது. ரவுட்டர் மனிதர்களை அறியாது, ஒவ்வொரு கருவியும் வலையமைப்பில் காட்டும் அடையாள எண்ணான மேக் முகவரிகளை மட்டுமே அறியும். கருவிகளுக்கு ஐபி எனும் வலையமைப்பு எண்ணை வழங்கும் டிஹெச்சிபி பகுதியில் ஒவ்வொரு மேக் முகவரிக்கும் நிலையான ஓர் ஐபியை ஒதுக்கி, அது யாருடையது என்று எழுதி வையுங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து கைபேசிகள் தங்கள் உண்மையான மேக் முகவரிக்குப் பதிலாகத் தற்செயலாக உருவாக்கிய ஒன்றைக் காட்டுகின்றன. அமைப்புகளில் ஓரிரு தட்டல்களில் அது மாறிவிடக்கூடும். முகவரியின் இரண்டாவது குறியீடு 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் அத்தகைய உருவாக்கிய முகவரிதான். வீட்டு வைஃபைக்கு மட்டும் இந்த வசதியை ஒவ்வொரு கைபேசியிலும் அணைத்துவிடலாம். அதைவிட உறுதியான ஏற்பாடு, பட்டியலில் இல்லாத எந்தக் கருவியும் தானாகவே மிகக் கண்டிப்பான விதிகளுக்குள் வந்து சேரும்படி அமைப்பது. பெயர் பெற்ற கருவிக்கே தளர்வு என்று ஆகிவிட்டால், முகவரியை மாற்றிக்கொள்வதால் யாருக்கும் பயன் இல்லாமல் போய்விடும். தொலைக்காட்சி, கேமரா போன்றவற்றை விருந்தினர் வலையமைப்பு ஒன்றில் பிரித்து வைத்தால் அவை உங்கள் கணினிகளைத் தொட முடியாது.

இதன் பிறகு இரண்டு வாரங்கள் எதையும் தடுக்காமல் அளந்து மட்டும் பாருங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் இணைய அளவு தீர்ந்ததற்கு மகனின் விளையாட்டுதான் காரணம் என்று நம்பி, அவனைப் பலமுறை கடிந்துகொண்டிருந்தேன். அளந்து பார்த்தபோது முதலிடத்தில் இருந்தது வாசலில் நாங்களே மாட்டிய கேமரா. அது நொடிக்கு 2 மெகாபிட் என்ற அளவில் இரவும் பகலும் காட்சியை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. கேட்பதற்குச் சிறிய வேகம்தான், ஆனால் ஒரு நாளில் அது ஏறத்தாழ 22 கிகாபைட் ஆகிறது. அசைவு தெரியும்போது மட்டும் பதிவு செய்யுமாறு அதை மாற்றியதும் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. மகனிடம் தவறு என்னுடையது என்று சொன்னேன். தளங்களின் முகவரியைக் கேட்டு டிஎன்எஸ்ஸுக்குச் செல்லும் பெயர் வினவல்களின் எண்ணிக்கையில் முன்னணியில் நின்றதும் யாருடைய கைபேசியும் அல்ல. யாரும் பார்க்காத நேரத்திலும் தன் தயாரிப்பாளருக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்த ஸ்மார்ட் டிவி.

தளங்களைத் தடுப்பதற்கு வீட்டளவில் பொருத்தமான இடம் டிஎன்எஸ். எந்தத் தளத்தைத் திறக்கும் முன்பும் கருவி அதன் பெயருக்குரிய எண் முகவரியைக் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை தராவிட்டால் தளம் திறக்காது. இதற்கு மிக எளிய வழி, ரவுட்டரின் டிஎன்எஸ் இடத்தில் கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.3, 1.0.0.3 என்ற இணையையோ ஓப்பன்டிஎன்எஸ் வழங்கும் 208.67.222.123, 208.67.220.123 என்ற இணையையோ இடுவது. இரண்டும் வயதுவந்தோருக்கான தளங்களைத் தடுக்கக்கூடியவை, கட்டணம் இல்லாதவை. பத்து நிமிட வேலை; பல வீடுகளுக்கு இதுவே போதும். கருவிவாரியாக விதிகளும் பதிவேடும் வேண்டுமானால், ராஸ்ப்பெரி பை போன்ற ஒரு சிறு கணினியில் பை-ஹோல் அல்லது அட்கார்டு ஹோம் என்ற டிஎன்எஸ் வடிகட்டும் மென்பொருளை நிறுவி, எல்லாக் கருவிகளும் அதையே கேட்கும்படி டிஹெச்சிபியில் அமைக்க வேண்டும். கூகுள் தேடலிலும் யூடியூபிலும் பாதுகாப்பு வடிகட்டலைக் கட்டாயமாக்குவதையும் அட்கார்டு ஹோமிலேயே ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்துச் செய்துவிடலாம்.

இரண்டாவது டிஎன்எஸ் என்ற கட்டத்தில் பலர் ‘இருக்கட்டும்’ என்று வெளியிலுள்ள ஒரு முகவரியை இட்டு வைக்கிறார்கள். முதலாவது செயலிழந்தால் மட்டுமே கருவிகள் இரண்டாவதைக் கேட்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பல கருவிகள் இரண்டையும் மாறிமாறிக் கேட்கும். தடுத்த தளம் சில நேரம் திறக்கிறது, சில நேரம் திறக்கவில்லை என்று புலம்புபவர்களின் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கட்டத்தைத்தான். அதைக் காலியாக விடுங்கள், அல்லது அங்கும் வடிகட்டும் முகவரியையே இடுங்கள். பின்னதே நல்லது என்பதை, என் சிறு கணினியின் மெமரி கார்டு ஒரு நாள் மாலை பழுதாகி வீடு முழுவதும் இணையமின்றி நின்றபோது கற்றுக்கொண்டேன்.

தடுப்பைத் தாண்டும் வழிகளையும் நீங்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒரு கருவியில் யாராவது டிஎன்எஸ் முகவரியைக் கையால் மாற்றினால், சாதாரண டிஎன்எஸ் பயன்படுத்தும் 53ஆம் போர்ட்டுக்கு (போர்ட் என்பது ஒவ்வொரு வகைச் சேவைக்கும் உரிய வாசல் எண்) செல்லும் கோரிக்கைகள் அனைத்தையும் உங்கள் டிஎன்எஸ்ஸுக்கே திருப்பிவிடும் ஒரு ஃபயர்வால் (போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) விதி அதைச் சரிசெய்துவிடும். மறையாக்கப்பட்ட டிஎன்எஸ் இரண்டு வகை: ஒன்று 853ஆம் போர்ட்டில் செல்வதால் அதை எளிதாக அடைத்துவிடலாம், மற்றது சாதாரணத் தளங்கள் செல்லும் அதே 443ஆம் போர்ட்டில் செல்வதால், அத்தகைய சேவைகளின் பெயர்ப் பட்டியலை வைத்துத்தான் தடுக்க முடியும். சேவை நிறுவனம் ஐபிவி6 என்ற புதிய வகை முகவரிகளையும் தருகிறதென்றால் இதே விதிகளை அங்கும் எழுதுங்கள். எழுதாவிட்டால் வடிகட்டலைச் சுற்றிச் செல்ல ஒரு வழி திறந்தே இருக்கும். போக்குவரத்தை மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் செயலியையும் கைபேசியின் சொந்த டேட்டாவையும் ரவுட்டரால் முழுமையாகத் தடுக்க முடியாது. பத்து வயதுக் குழந்தையின் கைபேசியில் அந்தக் கைபேசிக்கே உரிய பெற்றோர் கட்டுப்பாட்டையும் சேர்த்து வைப்பது அவசியம்.

இரவு நேர நிறுத்தத்தில் இரண்டு நுணுக்கங்கள். பல ரவுட்டர்களின் நேர விதி புதிய இணைப்புகளை மட்டுமே மறுக்கும், முன்பே தொடங்கிய விளையாட்டும் காணொளி அழைப்பும் பத்து மணிக்குப் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். விதி தொடங்கும் நேரத்தில் பழைய இணைப்புகளையும் துண்டிக்கும் அமைப்பு உங்கள் ரவுட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தபின் நேரத்தை இணையத்திலிருந்தே பெறும். நேர மண்டலம் தவறாக இருந்தால் இரவு விதி பட்டப்பகலில் வந்து நிற்கும்.

ஒருவர் பதிவிறக்கம் தொடங்கியதும் மற்றவர்களுக்கு இணையம் இழுபடுவதுதான் உங்கள் வீட்டுச் சண்டைக்குக் காரணம் என்றால், யாரையும் தடுக்கத் தேவையில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டியில், காத்திருக்கும் தரவு வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் வசதியை இயக்கி, உங்கள் இணைப்பின் அளந்த வேகத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை வரம்பாக இடுங்கள். வரிசை உங்கள் ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வந்து எல்லோருக்கும் பங்கு கிடைக்கும்.

பதிவேட்டைப் பற்றி நான் மிகவும் கவலைப்படுகிறேன். டிஎன்எஸ் பதிவேட்டில் குழந்தைகளின் தளங்கள் மட்டும் இராது. உங்கள் துணைவர் நள்ளிரவில் எந்த நோயைப் பற்றிப் படித்தார், வீட்டுக்கு வந்த உறவினர் எந்த வேலைக்கான தளத்தைத் திறந்தார் என்பதும் இருக்கும். அவற்றை அறியும் உரிமை உங்களுக்கோ எனக்கோ இல்லை. அட்கார்டு ஹோமில் குறிப்பிட்ட கருவிகளின் வினவல்களைப் பதிவேட்டில் சேர்க்காமல் விடலாம். பெரியவர்களின் கருவிகளை நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். மற்றவை ஏழு நாட்களில் அழிந்துவிடும். அமைப்பதற்கு முன் எல்லோரையும் உட்காரவைத்து, எது பதிவாகிறது, யார் பார்ப்பார், எதற்காகப் பார்ப்பார் என்று திரையைக் காட்டியே சொன்னேன். மறைத்து வைத்த கண்காணிப்பு ஒரு நாள் தெரியவரும்போது, அதன் பின் அந்தப் பிள்ளை உண்மையான ஆபத்தில் சிக்கினாலும் உங்களிடம் வரத் தயங்கும்.

தவறாகத் தடுக்கப்படும் தளங்கள் நிச்சயம் இருக்கும். என் மகள் பாடத்துக்குத் தேவையான ஒரு தளம் திறக்கவில்லை என்று சொன்னால், அன்றே பார்த்துத் திறந்துவிடுகிறேன். திறக்க முடியாததென்றால் காரணத்தைச் சொல்கிறேன். என் மகனுக்குப் பதினாறு வயது ஆனதும் அவனுடைய மடிக்கணினியைப் பெரியவர்களின் குழுவுக்கு மாற்றிவிட்டேன். தீங்கான மென்பொருளையும் மோசடித் தளங்களையும் தடுக்கும் பட்டியல் மட்டும் இப்போதும், என் கணினி உட்பட, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக இருக்கிறது.