கடையில் 555 புத்தகக் கணக்கு ஓடும் தோட்டப்புறக் குடும்பம் மாதச் செலவை எங்கிருந்து குறைக்கத் தொடங்கலாம்?

கேள்வியில் சொன்னது இது: மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தின் பெஸ்தாரி ஜெயா பக்கம் வீடு. கணவருக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை, குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). மனைவி வீட்டிலிருந்தே துணி தைத்து மாதம் ஐந்நூறு அறுநூறு பார்க்கிறார். மூன்று பிள்ளைகள். இருபதாம் தேதிக்கு மேல் கையில் காசு நிற்பதில்லை. மளிகைக் கடையில் 555 புத்தகத்தில், அதாவது கடன் கணக்கு எழுதும் சின்ன நோட்டில், எழுதித்தான் சாமான் வருகிறது, இப்போது பாக்கி 480 வெள்ளி. எதைக் குறைப்பது?

எதையும் குறைப்பதற்கு முன்னால் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். சிக்கனம் பற்றிக் கேட்கும் தோட்டப்புறக் குடும்பங்களில் பலருக்கு ஓட்டை அங்கேதான் இருக்கிறது. அதை அடைக்காமல் லைட்டை அணைத்துப் பயனில்லை.

சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வருகிறது. ஊழியர் சேமநிதியான இபிஎஃப் 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, தொழிலாளர் காப்புறுதியான சொக்சோ எல்லாம் போகக் கையில் வருவது 1,500 சுற்று. அன்று மாலையே கடைக்குப் போய் 480-ஐயும் கொடுத்துவிடுகிறீர்கள். மானமுள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள். மிச்சம் ஆயிரத்தில் வாடகை, மோட்டார் தவணை, பள்ளி வேன் என்று போனால் பதினைந்து இருபது தேதிக்குள் பை காலி. மறுபடி புத்தகம். ஒவ்வொரு மாதமும் தீர்த்தது போலத் தோன்றும், ஆனால் அடுத்த சம்பளத்துக்குள் அதே அளவுக்குப் புதிதாக ஏறிவிடும். கடனுக்கு வாங்கும்போது விலை கேட்க வாய் வராது, வேறு கடைக்குப் போகவும் முடியாது. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள பாக்கெட் எண்ணெயும் உள்ளூர் அரிசியும் கடைக்கு வந்த அன்றே ரொக்கக்காரர்கள் கைக்குப் போய்விடும். கடைக்காரர் மேல் தப்பில்லை, அவரும் மொத்தக் கடைக்குக் காசு கட்டித்தான் சரக்கு எடுக்கிறார்.

வெளியே வரும் வழி, பாக்கியை ஒரே அடியில் கட்டாமல் இருப்பது. கடைக்காரரிடம் நேரில் பேசுங்கள்: "அண்ணே, இந்த 480-ஐ ஆறு மாசத்துக்கு 80, 80-ஆ சம்பளத்தன்னைக்கே கொடுத்துடுறேன். இனிமே வாங்குறது எல்லாம் ரொக்கம்." பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், ரொக்க வாடிக்கையாளர் அவருக்கும் வேண்டும். பழைய பக்கத்தில் கோடு போட்டு, கீழே 480 என்று எழுதி, ஒவ்வொரு முறை கட்டும்போதும் தேதியுடன் அவர் கையெழுத்தை வாங்குங்கள். உங்களிடமும் அதே மாதிரி ஒரு பிரதி இருக்கட்டும்.

இந்தத் திட்டம் உடைவது முதல் மாதத்தில்தான். 480 கொடுக்க வேண்டிய இடத்தில் 80 கொடுத்ததும் கையில் 400 வெள்ளி கூடுதலாக நிற்கும். அது போனஸ் மாதிரித் தெரியும், பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கத் தோன்றும். அந்த 400 உங்கள் மூன்றாவது நான்காவது வாரச் சாப்பாடு. அன்றைக்கே இரண்டு உறையில் 200, 200-ஆகப் போட்டு, மேலே "20 தேதி", "28 தேதி" என்று எழுதி, அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்துவிடுங்கள். கைப்பேசி வாலட்டில் வைத்தால் கரைந்துவிடும், தாளாக இருக்கட்டும். முதல் மாதம் தாண்டிவிட்டால் ரொக்கத்தில் வாங்கும் பழக்கம் நிலைத்துவிடும்.

ரொக்கம் கைக்கு வந்ததும் முதலில் மாற வேண்டியது எண்ணெயும் அரிசியும். ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2 வெள்ளி 50 காசு. புட்டியில் வருவது கிலோவுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டுமே செம்பனை எண்ணெய்தான். பாக்கெட் வரும் நாளைக் கடையில் கேட்டு வைத்துக்கொண்டு, ஆளுக்கு எத்தனை கொடுக்கிறார்களோ அத்தனை வாங்குங்கள். வீட்டில் ஊற்றி வைக்கும் புட்டியைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே ஊற்ற வேண்டும். அடியில் ஈரம் நின்றால் எண்ணெய் சீக்கிரம் காறல் அடிக்கும். பாக்கெட்டின் ஒரு மூலையைப் பென்சில் நுழையும் அளவுக்கு மட்டும் வெட்டுங்கள், பெரிதாக வெட்டினால் கால்வாசி அடுப்புமேடைக்குப் போகும். பொரித்த எண்ணெயை ஆறவிட்டுத் துணியில் வடிகட்டி இன்னொரு முறை பயன்படுத்தலாம். நுரை கட்டினாலோ கறுத்தாலோ கொட்டிவிட வேண்டும்.

உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி, அதுவும் கட்டுப்பாட்டு விலை. நம் வீடுகளில் பொன்னி இல்லாமல் ஓடாது என்பார்கள். வார நாளில் குழம்புச் சோற்றுக்கு உள்ளூர் அரிசி, ஞாயிற்றுக்கிழமைக்குப் பொன்னி என்று பிரித்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். உள்ளூர் அரிசிக்குத் தண்ணீர் கொஞ்சம் குறைவாக வையுங்கள், பொன்னிக்கு வைக்கிற அளவு வைத்தால் குழைந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் அரிசி சேர்த்து வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு வண்டு வந்துவிடும், மிச்சம் பிடித்த காசு அதோடு போகும்.

கோழிக்கு விலைக் கட்டுப்பாடு 2023 நவம்பரோடும், முட்டைக்கு உதவித்தொகை 2025 ஆகஸ்டோடும் நின்றன. அதனால் இந்த இரண்டுக்கும் கடைக்குக் கடை விலை மாறும், கேட்டுவிட்டு வாங்குங்கள். மீனுக்குக் கோல சிலாங்கூர் போகிறவர்கள் பாசிர் பெனாம்பாங் பக்கம் பார்க்கலாம். ஆனால் பயணச் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். போக வர 40 கிலோமீட்டர் என்றால், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் காரில் மூன்றேகால் லிட்டருக்கு மேல் ஆகும். அரசாங்க உதவித்தொகை பெட்ரோலான புடி95-இன் விலை 1 வெள்ளி 99 காசில் பார்த்தாலும் 6 வெள்ளி 60 காசு. அதே தூரம் கப்சாயில் (சின்ன மோட்டார் சைக்கிளில்) 2 வெள்ளிக்குள் முடியும். பெரிய கடையில் 5 வெள்ளி குறைகிறது என்று காரை எடுத்தால் நஷ்டம். மாதம் ஒரே ஒரு முறை, எழுதி எடுத்த பட்டியலோடு போங்கள்.

மின்சாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2025 ஜூலை முதல் கணக்கு முறையே மாறிவிட்டது, பலர் இன்னும் பழைய கணக்கில் இருக்கிறார்கள். இப்போது எரிசக்தி, கொள்ளளவு, கம்பிக் கட்டமைப்பு மூன்றும் சேர்த்து யூனிட்டுக்கு 44.43 சென். குறைவாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதிலிருந்து ஒரு கழிவு உண்டு. 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் கழிகிறது. பயன்பாடு ஏற ஏறக் கழிவு படிப்படியாகக் குறைந்து, 600 யூனிட்டில் 9 சென்னுக்கு வந்துவிடும். அந்தக் கழிவு மொத்த யூனிட்டுக்கும் ஒன்றாகப் பொருந்துவதுதான் முக்கியம். 200 யூனிட் வீட்டுக்கு 38 வெள்ளி 86 காசு, 600 யூனிட் வீட்டுக்கு 212 வெள்ளி 58 காசு. மின்சாரம் மூன்று மடங்கு, பில் ஐந்து மடங்குக்கும் மேல். 300-ஐத் தாண்டினால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு 1.6 விழுக்காடு சேரும். 600-ஐத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம், மாதாமாதம் மாறும் எரிபொருள் சரிக்கட்டல், தாண்டிய பகுதிக்குச் சேவை வரி என்று மூன்றும் சேர்ந்து வரும்.

ஆகவே உங்கள் இலக்கு 300, அதாவது ஒரு நாளைக்கு 10 யூனிட். காலை ஏழு மணிக்கு மீட்டரில் உள்ள எண்ணை எழுதுங்கள், மறுநாள் அதே நேரம் எழுதிக் கழியுங்கள். 10-க்கு மேல் வந்தால் தேடத் தொடங்கலாம். தேட வேண்டிய முதல் இடம் குளியலறை ஹீட்டர். 3.6 கிலோவாட் ஹீட்டரில் ஒருவர் பத்து நிமிடம் குளித்தால் 0.6 யூனிட். ஐந்து பேர் குளித்தால் நாளுக்கு 3, மாதம் 90 யூனிட். சீலிங் காற்றாடி பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்கூட வராது. காற்றாடியை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளைத் திட்டிவிட்டு ஹீட்டரை விட்டுவிடும் வீடுகள் நிறைய. ஏர்கோன் இருந்தால், பிள்ளைகள் தூங்கிய பிறகு இரண்டு மணி நேரத்தில் அணையும்படி டைமர் வைத்து, காற்றாடியில் தொடரலாம்.

இரண்டாவது ஃப்ரிட்ஜ். கதவு ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு ரிங்கிட் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு வர வேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியே போகிறது. கதவைச் சுற்றி ஏழெட்டு இடத்தில் இப்படிப் பாருங்கள், கீழ் மூலைதான் பெரும்பாலும் தளர்ந்திருக்கும். உடனே ரப்பரை மாற்ற ஓட வேண்டாம். மடிப்புக்குள் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரத் தண்ணீரில் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். பிறகு சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைத் தளர்ந்த இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, விரலால் வெளிப்பக்கம் இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தி வையுங்கள். ரப்பர் பழைய வடிவத்துக்கு வர வாய்ப்பு அதிகம். வெடித்துப் போயிருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

பழைய ஃப்ரிட்ஜில் ஐஸ் விரல் தடிமனுக்கு ஏறியிருந்தால் மோட்டார் நிற்காமல் ஓடும். சுவிட்சை அணைத்துக் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே ஒரு பாத்திரம் சுடுதண்ணீர் வையுங்கள், தானாக உருகும். கத்தியால் குத்தி எடுக்கவே கூடாது. அந்தச் சுவருக்குள்ளேதான் கேஸ் ஓடும் மெல்லிய குழாய் இருக்கிறது. ஒரு குத்தில் ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும், பழைய ஃப்ரிட்ஜில் அதைச் சரிசெய்யும் செலவுக்கு வேறொன்று வாங்கிவிடலாம்.

கேஸ் தோங் (சிலிண்டர்) 14 கிலோவுக்குக் கட்டுப்பாட்டு விலை 26 வெள்ளி 60 காசு, வீட்டுக்குக் கொண்டுவந்தால் கூலி தனி. மாட்டிய தேதியைத் தோங்கின் மேலேயே மார்க்கரால் எழுதுங்கள். ஐந்து வாரம் வந்தது நான்கு வாரத்தில் தீர்ந்தால் இரண்டு காரணம்தான். ஒன்று கசிவு: குழாயிலும் ரெகுலேட்டரிலும் சவர்க்கார நுரை தடவிக் குமிழ் வருகிறதா பாருங்கள், தீக்குச்சி வைத்துப் பார்க்காதீர்கள். மற்றொன்று பர்னர் அடைப்பு: தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுக்கும். ஊசியால் துளைகளைக் குத்திக் கழுவி, முழுதும் காய்ந்த பிறகு மாட்டினால் நீலம் திரும்பும். பருப்பை அரைமணி நேரமும் கொண்டைக்கடலையை இரவு முழுவதும் ஊறவைத்துக் குக்கரில் போட்டால் அடுப்பு எரியும் நேரம் நன்றாகக் குறையும்.

காய்கறிக்குப் பாலிபேக்கில் (பிளாஸ்டிக் பையில்) செடி போடச் சொல்வார்கள் எல்லோரும். என் கருத்தில் முருங்கை, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், கங்கோங் கீரை நான்கோடு நிறுத்துங்கள். மண், மக்கிய உரம், மணல் 3:2:1 கலவை போதும். தக்காளி, வெங்காயம் நம் வெக்கைக்குச் செலவுதான் வைக்கும்.

அரசாங்க ரொக்க உதவியான எஸ்டிஆர் பட்டியலில் பெயர் இருந்தால், அடிப்படைப் பொருள் வாங்குவதற்கான சாரா உதவி ஐசியிலேயே (அடையாள அட்டையிலேயே) வரும். அதை அரிசி, முட்டை, மாவு போன்ற எப்படியும் வாங்கும் பொருளுக்குச் செலவழித்து, அந்த அளவு ரொக்கத்தை 28-ஆம் தேதி உறையில் சேர்த்துவிடுங்கள். பிஸ்கட்டும் டின் மீனும் வாங்கினால் செலவில் ஒன்றும் குறைந்திருக்காது.

அவசரத்துக்கு நகை வைப்பதானால், அடகுக் கடைச் சட்டப்படி வட்டி மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் போக முடியாது. ஆயிரம் வெள்ளிக்கு ஆறு மாதத்தில் 120 வெள்ளி. மீட்கும் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள், தவணை தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். ஆலோங் (உரிமமில்லாத வட்டிக்காரர்) பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். கூட்டு (சீட்டு) பிடிப்பதும் நம் ஊரில் பழக்கம், ஆனால் அதைத் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. பிடித்தவர் ஊரைவிட்டுப் போனால் போட்ட காசைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

ஆறு மாதத்தில் கடைப் பாக்கி தீர்ந்ததும், அந்த 80 வெள்ளியை நிறுத்தாமல் மனைவி பெயரில் இபிஎஃப்பின் இ-சாரான் (i-Saraan) திட்டத்தில் போடுங்கள். முதலாளி இல்லாமல் சொந்தமாகத் தைக்கிறவருக்கு அது பொருந்தும். 2025 விதிப்படி, போடும் தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்க்கிறது, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை. மாதம் 80 என்றால் ஆண்டுக்கு 960, அதற்கு 192 வெள்ளி மேலே வரும். போடுவதில் பத்தில் ஒரு பங்கு ஃபிளெக்சிபல் கணக்கில் விழும், அதை வேண்டும்போது எடுக்கலாம். மற்றதில் பெரும்பகுதி ஓய்வுக் காலத்துக்கு. போடும்முன் இ-சாரானில் பதிந்தாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதியாமல் கட்டினால் காசு கணக்கில் ஏறும், ஆனால் அரசாங்கத்தின் பங்கு வராது.